சேலத்து வெயிலைத் தாண்டிய ஒரு போர்ச்சுக்கீசிய வெள்ளை ஒயின்: திறக்கலாமா, எப்படிப் பரிமாறுவது?

அஸ்தம்பட்டிவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். காப்பிக்கொட்டை வறுப்பதைப் பற்றியும் மிளகு விலையைப் பற்றியும் பேசிப் பழகிய இவ்விடத்தில் ஒயினைப் பற்றிக் கேட்பதற்குச் சற்றுத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் சேலத்தில் இதைக் கேட்க எனக்கு வேறு ஆள் தெரியவில்லை. ‘ஒயின் ஷாப்’ என்று பலகை மாட்டியிருந்த காலத்திலேயே நம் ஊர்க் கடைகளில் ஒயினைத் தவிர மற்ற எல்லாம் கிடைத்தன என்பது உங்களுக்குத் தெரியாததன்று.

என் அக்காள் மகன் போர்ச்சுகலில் கோயிம்ப்ரா நகரில் மேற்படிப்புப் படிக்கிறான். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு பொங்கலுக்கு வந்திருந்தபோது ஒரு பாட்டில் வெள்ளை ஒயின் கொண்டுவந்து கொடுத்தான். அவன் குடியிருக்கும் வீட்டுக்காரரின் உறவினர்கள் தலைமுறை தலைமுறையாகத் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர்களாம். அவர்களே பறித்து, அவர்களே நொதிக்கவைத்து, தங்கள் தோட்டத்தின் பெயரிலேயே பாட்டிலில் அடைக்கிறார்களாம். சீட்டில் ‘தாவ்’, ‘என்க்ருசாதோ’, ‘பிராங்கோ’, ‘ரெசர்வா’ என்னும் சொற்களும் 2019 என்னும் ஆண்டும் 13.5 விழுக்காடு என்னும் அளவும் இருக்கின்றன. “இது லேசான ஒயின் இல்லை மாமா, நல்ல கனமானது, ஐஸ் கட்டி மட்டும் போட்டுவிடாதீர்கள்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

என் தாயார் அதைச் சாமி அறைப் பக்கம் வைக்கக் கூடாது என்றும், பால் வைக்கும் ஃபிரிட்ஜிலும் வைக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டதால், இரும்புப் பீரோவின் அடித்தட்டில், பழைய கணக்கு நோட்டுகளுக்குப் பின்னால் நிறுத்திவைத்தேன். அங்கேயே இரண்டு கோடைகள் போய்விட்டன. அடுத்த மாதம் எங்கள் திருமணத்தின் 25ஆம் ஆண்டு நிறைவை ஏற்காட்டில் ஒரு வாடகை பங்களாவில் குடும்பத்தோடு கொண்டாட இருக்கிறோம். அதற்காகச் சென்ற ஞாயிறன்று பாட்டிலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கடலை எண்ணெயின் நிறத்தில் இருக்கிறது. அடியில் உடைத்த கற்கண்டைப் போலச் சில துகள்கள் மின்னுகின்றன. மேல் தகட்டை விரலால் தடவினால், தக்கை ஒரு நெல்மணியின் கனத்துக்கு மேலே எழும்பியிருப்பது தெரிகிறது.

இது கெட்டுவிட்டதா? கெடவில்லை என்றால் எவ்வளவு குளிர்விக்க வேண்டும், எதனோடு பரிமாற வேண்டும்? ‘கனமான வெள்ளை’ என்று அவன் சொன்னதன் பொருளையும் யாரேனும் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

ஓமலூர்க்காரன் எழுதியது:

ஐயா, பணி நிமித்தமாக ஆறு ஆண்டுகள் விசேவு நகரில் இருந்தவன் என்னும் உரிமையில் எழுதுகிறேன். உங்கள் சீட்டில் உள்ள ‘பிராங்கோ’ என்றால் வெள்ளை, ‘ரெசர்வா’ என்றால் தேர்ந்த தரம், ‘தாவ்’ என்பது ஒயின் விளையும் பகுதியின் பெயர். அப்பகுதியின் தலைமை ஊர் விசேவுதான். (எழுத்தில் ‘தாவ்’ என்று முடித்தாலும் அவர்கள் வாயில் அது மூக்கொலியோடு முடியும், ஆறு ஆண்டுகளிலும் எனக்கு அது சரியாக வரவில்லை.)

அடியில் தங்கியிருக்கும் துகள்களைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். திராட்சையில் இயல்பாக உள்ள டார்டாரிக் அமிலம் பொட்டாசியத்தோடு சேர்ந்து, குளிர் படும்போது உப்பாகப் படிகிறது. கேக் செய்பவர்கள் வாங்கும் ‘கிரீம் ஆஃப் டார்டர்’ என்பதும் இதே பொருள்தான். பெரிய ஆலைகளில் ஒயினை உறைநிலைக்கு அருகே சில நாள் வைத்து, அந்த உப்பைப் படியவிட்டு வடித்த பின்பே பாட்டிலில் அடைப்பார்கள். சிறிய குடும்பத் தோட்டங்களில் பலர் அந்த வேலையை மேற்கொள்வதில்லை. நிறமும் என்னை அச்சுறுத்தவில்லை. ஓக் பீப்பாயில் இருந்து வந்த 2019ஆம் ஆண்டு வெள்ளை ஒயின் இந்நேரம் பொன்னிறமாகத்தான் இருக்க வேண்டும். கட்டங்காப்பியைத் தண்ணீர் விட்டு நீர்த்ததைப் போலப் பழுப்பாக இருந்தால்தான் காற்றுப்பட்டுக் கெட்டுவிட்டது என்று பொருள்.

தக்கை எழும்பியிருப்பதுதான் கவலைக்குரியது. சேலத்துச் சித்திரை வைகாசி வெயிலில் இரும்புப் பீரோவின் உட்புறம் 35 டிகிரிக்குக் குறைந்திருக்க வாய்ப்பில்லை. வெப்பத்தில் ஒயின் விரிந்து தக்கையை மேலே தள்ளும். இரவில் சுருங்கும்போது தக்கையின் ஓரமாகச் சிறிது காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். போதாக்குறைக்கு நீங்கள் அதை நிறுத்திவைத்திருக்கிறீர்கள். படுக்கவைத்திருந்தால் ஒயின் பட்டுத் தக்கை ஈரமாகவே இருந்திருக்கும். ஜன்னல், சாவி, அலமாரி எல்லாம் போர்ச்சுக்கீசியர் நமக்குத் தந்த சொற்கள். பீரோ பிரெஞ்சுச் சொல். போர்ச்சுக்கீசிய ஒயினைப் பிரெஞ்சுப் பீரோவில் பூட்டியதுதான் குற்றமோ என்று என் நண்பர் ஒருவர் இதைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

ஆயினும் என் கணிப்பு, அது இன்னும் உயிரோடு இருக்கும் என்பதே. அதற்குக் காரணம் அந்தத் திராட்சை. என்க்ருசாதோ என்பது தாவ் பகுதிக்கே உரிய வெள்ளைத் திராட்சை. வேறெங்கும் அது பெரிய அளவில் பயிராவதில்லை. தாவ் 1908இல் எல்லை வகுக்கப்பட்ட பகுதி. கிழக்கே, போர்ச்சுகல் பெருநிலப்பகுதியின் மிக உயர்ந்த மலையான செர்ரா தா எஸ்த்ரேலா 1993 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. மேற்கே கரமூலு மலை அட்லாண்டிக் கடலின் ஈரக்காற்றைத் தடுக்கிறது. இடைப்பட்ட கருங்கல் மேட்டில், நானூறு ஐந்நூறு மீட்டர் உயரத்தில், பைன் மரக்காடுகளுக்கு நடுவே, துண்டு துண்டாகத் தோட்டங்கள் கிடக்கின்றன. நம் பக்கம் பாகப்பிரிவினையில் ஏக்கர் சென்ட்டாகச் சுருங்குவதைப் போலத்தான் அங்கும். ஒரு குடும்பத்துக்கு ஐந்தாறு இடங்களில் ஒவ்வொரு துண்டு இருக்கும். பகலில் நல்ல வெயிலும் இரவில் குளிரும் இருப்பதால், பழம் இனிப்பேறிய பிறகும் புளிப்பை இழப்பதில்லை. அந்தப் புளிப்புதான் ஒயினைப் பல ஆண்டுகள் தாங்கும் முதுகெலும்பு.

‘கனம்’ என்பதற்கு வருகிறேன். போர்ச்சுக்கீசிய வெள்ளை என்றாலே பலருக்கும் தெரிந்தது வடமேற்கிலிருந்து வரும் ‘வீஞ்ஞு வேர்தி’. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘பச்சை ஒயின்’ என்றாகும். பச்சை என்பது நிறத்தைக் குறித்ததன்று, இளமையைக் குறித்தது. பெரும்பாலும் லேசாக, நாக்கைச் சற்றே கிள்ளும் நுரையோடு, குறைந்த மதுச் சத்தோடு இருக்கும். வாங்கியவுடன் குடித்துவிட வேண்டியது. உங்கள் கையில் இருப்பது அதற்கு நேர் எதிர். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நம் வீட்டு ரசத்தை வைத்தே சொல்லிவிடலாம். மேலாக இறுத்த தெளிவு ஒன்று. கரண்டியை அடிவரை விட்டுக் கலக்கி மண்டியோடு எடுத்தது இன்னொன்று. இரண்டும் ஒரே பாத்திரத்து ரசம்தான், ஆனால் வாயில் தங்கும் நேரம் வேறு. ஒயினிலும் இதைத்தான் செய்கிறார்கள். சாற்றை ஓக் பீப்பாயிலேயே நொதிக்கவைத்து, நொதித்து முடிந்த ஈஸ்ட் அடியில் மண்டியாகத் தங்கியதும், அதை வடித்தெறியாமல் மாதக்கணக்கில் அப்படியே விட்டு, அவ்வப்போது ஒரு கோலை விட்டுக் கலக்கிக்கொண்டே இருப்பார்கள். செத்த ஈஸ்ட் சிதைந்து கரைவதால் ஒயினுக்கு வழவழப்பும் திண்மையும் வருகின்றன. இதனோடு 13, 14 விழுக்காட்டு மதுவும், மரத்திலிருந்து இறங்கும் சிறு துவர்ப்பும் சேர்ந்ததைத்தான் உங்கள் மருமகன் ‘கனம்’ என்கிறான். தெற்கே அலென்தேஜோவில் அந்தாவ் வாஸ் என்னும் திராட்சையிலும், வடக்கே தோரு பள்ளத்தாக்கில் விஒசீஞ்ஞு, ரபிகாத்து போன்றவற்றைக் கலந்தும் கனமான வெள்ளைகள் செய்கிறார்கள். என் நாக்குக்குத் தாவ் போல அவை நிமிர்ந்து நிற்பதில்லை.

நம் ‘பீப்பாய்’ என்னும் சொல்லும் போர்ச்சுக்கீசியரின் ‘பிப்பா’விலிருந்து வந்ததே. நீங்கள் 11, 12 டிகிரி அளவுக்குக் குளிர்வித்து, நல்ல மீன் குழம்போடு பரிமாறுங்கள். அங்கே உப்பிட்டு உலர்த்திய பக்கல்யாவு மீனை ஆலிவ் எண்ணெய் ஒழுக ஒழுகச் சமைத்து, இதைத்தான் உடன் வைப்பார்கள்.

ஏற்காட்டு மிளகு எழுதியது:

ஓமலூர் அண்ணன் சொன்னதில் ஒன்றை மட்டும் விரித்துச் சொல்ல விரும்புகிறேன். காப்பித் தோட்டத்தில் பிறந்தவன் என்பதால், ‘அவர்களே பறித்து, அவர்களே அடைக்கிறார்கள்’ என்னும் வரியைக் கேள்வி கேட்டவர் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போனதை என்னால் அப்படியே தாண்ட முடியவில்லை.

1942ஆம் ஆண்டுக் காப்பிச் சட்டத்தின்படி, எங்கள் பாட்டனார் விளைவித்த காப்பி முழுவதையும் காபி போர்டின் பூலில் ஒப்படைக்க வேண்டும். எங்கள் கொட்டையும் அடுத்த எஸ்டேட்டின் கொட்டையும் தரம் பிரித்து ஒன்றாகக் கொட்டப்படும். பணம் தவணை தவணையாக, சில நேரம் ஆண்டுக்கணக்கில் தாமதித்து வரும். நல்ல கொட்டை விளைவித்தவருக்கும் அதே கணக்குத்தான். 1992 முதல் சிறிது சிறிதாகத் தளர்ந்த அந்த ஏற்பாடு 1996இல் முழுவதும் நீங்கியது. அதற்குப் பிறகுதான் ஏற்காட்டில் ஒரு குடும்பம் தன் எஸ்டேட்டின் பெயரைப் பொட்டலத்தில் அச்சடித்து விற்பது என்பதே நடக்கக்கூடிய காரியமாயிற்று.

தாவ் பகுதியிலும் ஏறத்தாழ இதே கதைதான் நடந்தது என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. போர்ச்சுகலின் சர்வாதிகாரி சலாசாரின் ஆட்சியில் 1940களிலிருந்து அங்கே கூட்டுறவு ஆலைகளை நிறுவி, உழவர்களின் திராட்சை அவற்றுக்கே போகும்படி விதிசெய்தார்கள். தனியார் வணிகர் திராட்சையாக வாங்க முடியாது. கூட்டுறவு ஆலை செய்து முடித்த ஒயினை வாங்கிக் கலந்து விற்கத்தான் முடியும். மிகச் சில தோட்டங்களைத் தவிர மற்றவற்றின் பெயர் எந்தப் பாட்டிலிலும் ஏறவில்லை. எந்தப் பழத்தைக் கொடுத்தாலும் ஒரே தொட்டியில்தான் விழும் என்னும்போது, கிளையைக் கவாத்து செய்து விளைச்சலைக் குறைத்துத் தரத்தைக் கூட்ட எவன் மெனக்கெடுவான்? 1986இல் போர்ச்சுகல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்த பிறகு அந்த ஏகபோகம் செல்லாது என்றாயிற்று. அதன்பின் குடும்பங்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் ‘கீந்தா’வின் பெயரில் பாட்டிலில் அடைக்கத் தொடங்கின. கீந்தா என்றால் தோட்டவீட்டோடு கூடிய நிலம், நாங்கள் எஸ்டேட் என்பதைப் போல. கீந்தா துஷ் ரோக்கிஷ் போன்ற குடும்பத் தோட்டங்கள் என்க்ருசாதோவைத் தனியாகவே பாட்டிலிட்டு, அந்தத் திராட்சையின் பெயரை வெளியுலகுக்குத் தெரியவைத்ததும் அந்தக் காலத்தில்தான். உங்கள் பீரோவில் இருந்தது அப்படிப்பட்ட ஒரு பாட்டில் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு திறக்க வேண்டும் என்பது என் ஆசை.

இனி வேலைக்கு வருவோம். பாட்டிலை இன்றே பீரோவிலிருந்து எடுத்து, உங்கள் தாயார் இசைந்தால் ஃபிரிட்ஜின் அடித்தட்டில் படுக்கவையுங்கள். ஒரு மாதம் அங்கே இருப்பதால் கெடுதல் இல்லை. மலைக்கு வரும்போது ஈரத்துணியில் சுற்றித் தெர்மோகோல் பெட்டியில் வைத்து, காலை வெயில் ஏறும் முன்பே கிளம்பிவிடுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி வந்த ஒயினை வந்த அன்றே திறக்க வேண்டாம். ஒரு நாள் நிறுத்திவைத்தால் கற்கண்டு அடியில் படிந்துவிடும். ஆவணி மாதத்து ஏற்காட்டு மாலைக்கு ஐஸ் வாளியெல்லாம் தேவையே இல்லை. ஃபிரிட்ஜிலிருந்து அரை மணி நேரம் முன்னதாக எடுத்து வராந்தா மேசையில் வைத்தால், அதுவே சரியான சூட்டுக்கு வந்து நிற்கும்.

அவசரப்பட்டு ஃப்ரீசரில் வைத்துவிடாதீர்கள். நான் ஒருமுறை விருந்தினர் வரும் வேளையில் ஒரு பாட்டிலை ஃப்ரீசரில் வைத்துவிட்டு, காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்ப்பர் எந்திரத்தின் பட்டை அறுந்துவிட்டது என்று ஆள் கூப்பிட, களத்துக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் தக்கை பட்டாணிப் பெட்டியின் மேல் கிடந்தது. பாட்டில் கழுத்திலிருந்து வெண்மையாக ஒரு பனிக்கட்டித் தண்டு விரல் நீளத்துக்கு வெளியே வந்து நின்றது. உருகிய பிறகு குடித்துப் பார்த்தோம். ஈயம் போன பாத்திரத்துத் தண்ணீர் போல இருந்தது.

அடுப்படி எழுதியது:

மீன் குழம்போடு பரிமாறச் சொன்ன ஓமலூர்க்காரரோடு எனக்கு உடன்பாடு இல்லை. அவர் ஆறு ஆண்டு போர்ச்சுக்கீசியர் வீட்டு மீனை உண்டு நம் வீட்டுக் குழம்பை மறந்துவிட்டாரோ என்று ஐயுறுகிறேன். பக்கல்யாவுவில் பூண்டும் வெங்காயமும் உருளைக்கிழங்கும் எண்ணெயும் இருக்கும். நம் மேட்டூர் அணை மீன் குழம்பில் எலுமிச்சை அளவு புளியும் கைப்பிடி மிளகாய்த்தூளும் இருக்கும். இரண்டையும் ‘மீன்’ என்று ஒரே கணக்கில் எழுதுவது தகாது.

மிளகாயின் காரத்தை நாக்கு ‘சூடு’ என்றே உணர்கிறது. அந்தச் சூட்டை உணரும் நரம்பு வாயிலை மதுவும் எளிதில் திறக்கச் செய்கிறது. ஆகவே 13.5 விழுக்காட்டு ஒயினை மிளகாய்க் குழம்பின் மேல் ஊற்றினால் குழம்பின் எரிவு இரட்டிக்கும், ஒயின் வெறும் சாராயம் போலச் சுடும். ஓக்கின் துவர்ப்பு கசப்பாகத் திரும்பும். மிளகாயையும் இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்ச்சுக்கீசியரே என்பதை எண்ணினால், தங்கள் ஒயினுக்குத் தாங்களே எதிரியை ஏற்றிவந்து இறக்கியிருக்கிறார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். புளியும் இதே அளவுக்குப் பகை. புளிப்பான குழம்பை உண்டபின் ஒயினின் புளிப்பு காணாமல் போய், சப்பென்று ஆகிவிடும்.

கனமான வெள்ளை ஒயின் தேடுவது கொழுப்பையும் உப்பையும். நம் சமையலில் அதற்குக் குறைவே இல்லை. சந்தகை பிழிந்து, மிளகாய் சேர்க்காமல் தேங்காய்ப்பாலில் கோழியை வேகவைத்து, இறுதியில் ஏற்காட்டு மிளகைக் கரகரப்பாகத் தட்டிப் போடுங்கள். மிளகின் காரம் மிளகாயைப் போல நின்று எரியாது. மூக்கில் ஏறி இறங்கிவிடும். மலையில் கிடைக்கும் காளானைத் தண்ணீர் வற்றும் வரை வதக்கிப் பின்பு வெண்ணெய் சேருங்கள். முதலிலேயே வெண்ணெய் போட்டால் காளான் வேகுமே தவிரச் சிவக்காது. ஓரம் பழுப்பேறிய அந்தக் காளானுக்கும் பீப்பாயில் கிடந்த ஒயினுக்கும் உறவு உண்டு. சைவம் உண்போர்க்கு முந்திரி அரைத்து விட்ட வெள்ளைக் குருமா போதும். பச்சை மிளகாயைக் கீறாமல் முழுதாகப் போட்டு எடுத்துவிடுங்கள்.

சேலத்திலிருந்து தட்டுவடை வாங்கிச் செல்வீர்கள் என்பது உறுதி. வெறும் தட்டுவடை இந்த ஒயினுக்கு மிகப் பொருந்தும். செட்டாகக் கட்டி, நடுவே காரச் சட்னி தடவினால் பொருந்தாது. ஒயின் முடியும் வரை சட்னிக் கிண்ணத்தை மறைத்துவையுங்கள். பாயசத்தை ஒயினுக்குப் பின் வையுங்கள், முன்பு வைத்தால் ஒயின் பச்சைப்புளியாகத் தெரியும்.

செவ்வாய்ப்பேட்டை எழுதியது:

கனம் வேண்டும் என்றால் சிவப்பு ஒயினையே வாங்கலாமே? வெள்ளையில் கனத்தைத் தேடுவது மோரில் நெய்யைத் தேடுவது போல இருக்கிறது.

ஓமலூர்க்காரன் எழுதியது:

அடுப்படி அம்மாவிடம் தோற்றதை ஒப்புக்கொள்கிறேன். என் மனத்தில் இருந்தது என் மாமியார் வைக்கும் தேங்காய்ப்பால் மீன்தான், எழுதும்போது குழம்பாகிவிட்டது.

செவ்வாய்ப்பேட்டை அண்ணனுக்கு: சிவப்பு ஒயினின் கனம் பெரும்பகுதி பழத்தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்கும் துவர்ப்பு. வெள்ளையில் பழத்தைப் பிழிந்தவுடன் தோலை நீக்கிவிடுவதால், அந்தக் கனத்தை வேறு வழியில்தான் கட்டவேண்டும். மண்டி, பீப்பாய், நன்கு முற்றிய பழம் ஆகிய மூன்றும் அந்த வழிகள். ஆகவே வாயில் அது உலர்த்தாது, பூசும். மோரில் நெய் இல்லைதான். ஆனால் கடையாத தயிரில் உண்டு.

அஸ்தம்பட்டிவாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. தாயார் காய்கறித் தட்டுக்குக் கீழே இடம் கொடுத்துவிட்டார், செய்தித்தாளில் சுற்றியிருக்க வேண்டும் என்னும் நிபந்தனையோடு. இரண்டு சிறு ஐயங்கள்: பங்களாவில் எவர்சில்வர் டம்ளர்தான் இருக்கும், அது போதுமா? மீந்தால் என்ன செய்வது?

ஏற்காட்டு மிளகு எழுதியது:

கண்ணாடிக் கோப்பைகளைச் சேலத்திலிருந்தே எடுத்து வாருங்கள். வாய் குறுகி வயிறு அகன்றவையாக இருந்தால் நல்லது, அரைக்கும் குறைவாக ஊற்றுங்கள். குறுகிய சிறு கோப்பையில் இந்த வகை ஒயினுக்கு மூச்சு முட்டும். திறந்தவுடன் மணம் மூடிக்கிடந்தால், சுத்தமான கண்ணாடிக் கூஜாவில் ஒருமுறை மாற்றி ஊற்றிவிடுங்கள், அடியில் உள்ள கற்கண்டு விழாமல். மீந்ததைத் தக்கையால் மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். தக்கை பழையது என்பதால் திருகியை நேராக இறக்கி மெதுவாக இழுங்கள்.

அஸ்தம்பட்டிவாசி எழுதியது:

நடந்ததைச் சொல்லவேண்டியது கடமை. சென்ற சனிக்கிழமை மாலை, மழை விட்டு மூடுபனி வராந்தாக் கம்பி வரை வந்து நின்ற வேளையில் திறந்தோம். தக்கை உடையாமல் வந்தது. ஆனால் அதன் ஒரு பக்கத்தில் ஒயின் கசிந்து ஏறிய தடம், மூன்றில் இரண்டு பங்கு உயரத்துக்குப் பழுப்புக் கோடாக இருந்தது. அடிப்பக்கத்தில் கற்கண்டு இரண்டு மணி ஒட்டியிருந்தது. அந்தக் கோடு மேல்விளிம்பைத் தொட்டிருந்தால் கதை வேறாகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

முதல் மடக்கில் எனக்கு ஏமாற்றந்தான். அப்போதுதான் இழைத்த பலகையின் வாசனையைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. மிளகு நண்பர் சொன்னபடி கூஜாவில் மாற்றி வைத்துவிட்டுச் சந்தகை பிழிய எழுந்து போனோம். முக்கால் மணி நேரம் கழித்து வந்தால் அது வேறு ஒயின். எலுமிச்சைத் தோலைக் கிள்ளினால் வரும் மணம், அதன் கீழே வறுத்த முந்திரி, வாயின் இருபுறமும் எண்ணெய் தடவியது போன்ற வழவழப்பு. விழுங்கிய பின்பும் நெடுநேரம் போகவில்லை. பழத்தின் புதுமை சற்றுக் களைத்திருந்ததையும், கடைசியில் பாதாம் தோலின் கசப்பு எட்டிப்பார்த்ததையும் மறைக்கமாட்டேன். அது பீரோ செய்த வேலை. தேங்காய்ப்பால் கோழியோடு அந்தக் கசப்பு தெரியவில்லை. வெறும் தட்டுவடையோடு நன்றாகவே தெரிந்தது. காளானைப் பற்றி அடுப்படி அம்மா சொன்னது முற்றிலும் சரி.

குடிக்காவிட்டாலும் மோந்து பார்க்கலாம் அல்லவா என்று என் தாயாரிடம் கோப்பையை நீட்டினேன். தயங்கி வாங்கி, மூக்கருகே கொண்டுபோய், “குங்கிலியம் போட்ட மாதிரி இருக்கிறதேடா” என்றார். பைன் காடுகளுக்கு நடுவே விளைவது என்று ஓமலூர்க்காரர் எழுதியிருந்ததை அவருக்குப் படித்துக் காட்டினேன். கோப்பையைத் திருப்பித் தரும் முன் இன்னொரு முறையும் மோந்தார்.

கால் பாட்டில் மீந்தது. மறுநாள் மதியம் ஆளுக்கு இரண்டு மடக்கு குடித்தபோது முந்தைய நாளைவிட நன்றாகவே இருந்தது என்று என் மனைவி சொல்கிறார். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். மருமகன் தை மாதம் மீண்டும் வருகிறான். எதைக் கொண்டுவரச் சொல்லலாம்?

ஓமலூர்க்காரன் எழுதியது:

மகிழ்ச்சி ஐயா. அதே தோட்டத்தின் அதே ஒயினையே, இரண்டு ஆண்டுகளுக்கு உட்பட்டதாக, இரண்டு பாட்டில் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒன்றை வந்த வாரத்திலேயே திறந்து, இளமையில் அது எப்படி இருக்கிறது என்று பாருங்கள். மற்றொன்றை ஏற்காட்டு மிளகு நண்பர் வீட்டில் படுக்கவைக்க முடியுமா என்று கேளுங்கள். சுங்கத்தில் ஒருவருக்கு இரண்டு லிட்டர் வரைதான் வரியில்லாமல் விடுவார்கள். 750 மில்லியில் இரண்டு பாட்டில் என்றால் ஒன்றரை லிட்டர்தான் ஆகிறது, மூன்றாவதை எடுத்தால் அளவு மீறிவிடும்.

ஏற்காட்டு மிளகு எழுதியது:

தாராளமாக வைக்கலாம். காப்பிக் கிடங்கின் வடக்குச் சுவரோரம் இடம் இருக்கிறது. வைகாசியிலும் அந்த மூலையில் வெயில் விழாது. பாட்டிலில் பெயரும் தேதியும் எழுதி ஒட்டிக் கொடுங்கள், என் தம்பிக்கு எடுத்துப் பார்க்கும் பழக்கம் உண்டு.